கடன் கணக்கைப் போட்டுவிட்டுப் புறப்படுங்கள்

பிள்ளைகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கும் பெற்றோர்களே, இன்று சமூகப் பணியில் எம்.எஸ்.டபிள்யூ. பட்டம் பெறும் இளைய தோழர்களே!

இப்படிப்பட்ட மேடைகளில் சேவையைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் கடனையும் சம்பளத்தையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உங்களில் பலர் கல்விக் கடனில் படித்தவர்கள். அந்தக் கடன் பத்திரத்தில் உங்கள் கையெழுத்தோடு அப்பாவோ அம்மாவோ போட்ட கையெழுத்தும் இருக்கிறது. தவணை தவறினால் அவர்களுடைய சிபில் ஸ்கோரும் சேர்ந்து இறங்கும். நாளைக்குத் தங்கையின் படிப்புக்குக் கடன் கேட்டுப் போகும்போது அது வந்து நிற்கும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் 2 லட்சம் ரூபாய் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கிற காலத்திலும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தனிவட்டியாகப் பார்த்தாலும், முதல் தவணை கட்டுகிற நாளில் கடன் இரண்டரை லட்சம் ஆகியிருக்கும். அதை 7 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 4,150 ரூபாய் வேண்டும். மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றரை லட்சம் கட்டியிருப்பீர்கள்.

இனி வரவு. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்துக்கு 2022-இல் வந்த வழிகாட்டு நெறிகளின்படி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளருக்கு மாதம் 18,536 ரூபாய். ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். அந்தப் பதவிக்கு இளநிலைப் பட்டமே போதும். கடன் வாங்கிப் படித்த மேல்படிப்புக்கு அங்கே தனி மதிப்பில்லை. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வங்கிக்குப் போய்விடும். வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் மீதியில்தான்.

அந்த வேலை என்ன வேலை என்று பெற்றோர்களும் தெரிந்துகொள்ளட்டும். ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு அழைப்பு வரும்: விடிந்தால் பத்தாவது படிக்கிற பெண்ணுக்குக் கல்யாணம். போலீசுக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் சொல்லி, நாலரை மணி முகூர்த்தத்துக்கு முன்னால் கோயில் வாசலில் போய் நிற்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதியைப் பார்க்க வேண்டும். கொதித்துப்போயிருக்கும் மாமன்மாரிடம் நிதானமாகப் பேச வேண்டும். அந்தப் பெண்ணைக் குழந்தைகள் நலக் குழுவிடம் அழைத்துப் போய், பிறகு உட்கார்ந்து சமூக விசாரணை அறிக்கை எழுத வேண்டும். இதற்கு 18,536 ரூபாய் அநியாயம். அதை மேடையிலேயே சொல்கிறேன்.

சேவைக்கு வந்தவர் சம்பளம் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டுப்படியாகாமல் ஒரு பணியாளர் ஆண்டுக்குள் விலகிப்போனால், அந்தக் குழந்தை தனக்கு நடந்ததைப் புதிதாக வருபவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சம்பளம் பேசாததன் விலையைக் கொடுப்பது அந்தக் குழந்தைதான்.

கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரியில் விலக்கு உண்டு என்பார்கள். மாதம் 18,536 வாங்குகிறவரின் ஆண்டு வருமானம் இரண்டேகால் லட்சத்தைத் தொடாது. அவர் வரி வரம்புக்குள்ளேயே வரமாட்டார், சலுகையும் அவருக்கு வராது. தொழிலுக்கென ஓர் அமைப்பாவது உண்டா என்றால், வழக்கறிஞர்களுக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல, சமூகப் பணியாளர் அனைவருக்குமான சட்டப்படியான கவுன்சில் இந்தியாவில் இல்லை. 1936-இல் மும்பையில் டாடா சமூகப் பணிப் பள்ளியும், 1952-இல் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சமூகப் பணிப் பள்ளியும் இந்தப் படிப்பைக் கொண்டுவந்தன. இத்தனை தலைமுறைக்குப் பிறகும் நம் தொழிலுக்கு ஊதிய அடித்தளம் போடப்படவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

இந்தப் படிப்பில் மனிதவளப் பிரிவு எடுத்தவர்களுக்குத் தொழிற்சாலை வேலை உண்டு. 500 தொழிலாளர் இருந்தால் நல அலுவலர் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. கடன் அடையும்வரை அங்கே போகிறவரை யாரும் குறைவாகப் பேச வேண்டாம். கேண்டீன், குழந்தைகள் காப்பகம், ஓய்வறை இவற்றைச் சரியாக நடத்துவதும் சமூகப் பணிதான்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். முதல் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் தவணை அடங்கினால் இந்தப் படிப்புக்குக் கடன் வாங்கலாம். அடங்காது என்றால், குறைந்த கட்டணத்தில் அரசு கல்லூரியோ பல்கலைக்கழகமோ தேட வேண்டும். உங்களிடம் யோசனை கேட்டு வரும் தம்பி தங்கைகளிடம் இதைச் சொல்லுங்கள். 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரமே வங்கிக் கிளைக்குப் போய்க் கடன் கணக்கின் அறிக்கையை வாங்குங்கள். தவணை தொடங்குமுன் வட்டியை மட்டுமாவது கட்டத் தொடங்குங்கள். எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் சம்பளம், பயணப்படி, பி.எஃப். மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.

பட்டம் பெற்ற அனைவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.