அரிட்டாபட்டியின் வல்லூறு

மேலூருக்கு அருகே, சமணர் குகையும் தமிழ்ப் பிராமி எழுத்தும் பாண்டியர் காலக் குடைவரைச் சிவாலயமும் ஒருங்கே அமைந்த அரிட்டாபட்டிக் குன்றுகளைச் சரித்திரப் பிரியர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். ஆனால் அதே பாறை முகடுகளில் லகர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் ராஜாளியும் வாசம் செய்வதைப் பொறுமையோடு நோக்கிக் குறித்தவர்கள் பறவை அன்பர்களே.

இவற்றுள், தென்னகத்தில் அபூர்வமாகிவிட்ட லகர் வல்லூறு, தனக்கெனக் கூடு கட்டும் வழக்கம் சிறிதுமின்றி, வானம் தெளிந்த தை, மாசி மாதங்களில், பாறை விளிம்பிலோ, பிற பறவைகள் கைவிட்ட பழங்கூட்டிலோ, பெரும்பாலும் 3 அல்லது 4 முட்டைகளை இட்டு, ஏறத்தாழ ஒரு மாத காலம் அடைகாக்கிறது. சுற்றியுள்ள கண்மாய்களும் புன்செய்க் காடுகளும் இருப்பதாலன்றோ குஞ்சுகளுக்கு இரை கிடைக்கிறது! குன்றை மட்டும் காத்தால் போதாது என்பது என் துணிபு.

2022 நவம்பரில் 193 ஹெக்டேருக்குச் சற்று மிகுந்த இப்பிரதேசம் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாயிற்று; கிராம மக்களின் கிளர்ச்சிக்குப் பின், 2025 ஜனவரியில், இவ்வட்டாரத்து டங்ஸ்டன் சுரங்க ஏலமும் ரத்தாயிற்று. தை, மாசியில் அங்கே செல்லும் அன்பர்கள், பாறைமேல் ஏறாமல், தூரத்தே நின்று தரிசிக்க வேண்டுகிறேன்.