கடனுக்கு முன் காரணம் கேட்போம்
(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)



ஜூஸ் கடைக்காக நாங்கள் வாங்கிய சின்ன ஐஸ் மெஷினில், இந்தச் சித்திரையில் ஐஸ் தோல் மாதிரி மெல்லிசாக விழுந்தது. பார்க்க வந்தவர், "கம்ப்ரஸர் போச்சும்மா, மாத்தணும்" என்றார். குழுவில் கடன் மனுவே எழுதிவிட்டோம்.

அப்போது ஐ.டி.ஐ. படிக்கும் எங்கள் உறுப்பினரின் மகள், "மெல்லிசாவாவது உறையுதே, கம்ப்ரஸர் ஓடுதுதானே? சென்சாரைப் பாருங்க" என்றாள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சென்சார் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தோம். குளிரக் குளிர இதன் மின்தடை ஏறும். எங்களுடையது 10 கிலோ ஓம் வகை. 25 டிகிரியில் 10 காட்டணும். ஐஸ் மிதக்கும் தண்ணீரில், அதாவது 0 டிகிரியில், ஏறக்குறைய 30 காட்டணும். ஆனால் வெளியில் வைத்தபோதே 40 காட்டியது! குளிராமலே "குளிர்ந்தாச்சு" என்று மெஷினிடம் பொய் சொல்லியிருக்கிறது. மெஷினும் அதை நம்பி ஐஸை முன்கூட்டியே தள்ளிவிட்டது. பின்னைத் துடைத்துப் பார்த்தும் மாறவில்லை. அதே வகை சென்சார் வாங்கி மாட்டினோம். ஒரு நாள் கூலிகூட ஆகவில்லை.

கடன் மனுவைக் கிழித்துவிட்டோம். சகோதரிகளே, பெரிய செலவு என்று யார் சொன்னாலும், "எதை வைத்துச் சொல்றீங்க?" என்று கேட்போம். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.