குயவனும் விதியும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

நடப்பன யாவும் நியதியின்படியே, மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்றார் ஆசீவகத் தலைவர் மக்கலி கோசாலர். அந்நெறி நின்ற சத்தாலபுத்தன் என்னும் குயவனை மகாவீரர் கண்ட கதையை உவாசகதசாவோ என்னும் சமண நூல் கூறுகிறது. பானைகள் முயற்சியால் ஆயினவா என்று வினவினார் மகாவீரர். இல்லை, நியதியால் என்றான் குயவன். ஒருவன் இவற்றைத் திருடினாலோ உடைத்தாலோ என்ன செய்வாய் என்றார். அடிப்பேன் என்றான். எல்லாம் நியதியெனில் அவனை அடிப்பது எங்ஙனம் நியாயம்? குயவன் தன் கொள்கையைக் கைவிட்டான்.

நம் நீலகேசியும் ஆசீவகரோடு வாதிடுகிறது. ஆயினும் எதிர்த்தரப்பார் சொல்லியே அவர்கள் கொள்கையை அறிகிறோம். அவர்கள் நூல் ஒன்றும் எஞ்சவில்லை. அசோகர் பராபர் மலையில் குகைகள் அளித்துப் போற்றிய துறவியரை எளிதில் நகைத்தல் தகாது.

என் கதையும் குயவன் கதையே. ஒருமுறை பார்சல் புத்தகத்தில் ஊர்ப்பெயரை மாற்றி எழுதிவிட்டேன். மாம்பழக் கூடைகள் வேறெங்கோ சென்று அழுகின. "என் விதி" என்றேன். அதே மாதம் கூலியாள் ஒருவர் பெட்டியொன்றைக் கீழே தவறவிட்டார். அதை விதி என்று நான் எண்ணவில்லை. "அசட்டை" என்று அறிக்கை எழுதினேன். அவருக்கு ஒருநாள் கூலி போயிற்று.

அவரிடம் இன்னும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. திங்கட்கிழமை கேட்க எண்ணியுள்ளேன்.