கடல் கடந்து காட்டும் வீடு

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பது முதுமொழி. கட்டிய வீட்டை விற்றுப்பார் என்று அதனோடு மற்றொன்றையும் சேர்த்துக்கொள்ள இக்காலம் இடந்தருகின்றது. யாழ்ப்பாணத்து வளவு ஒன்றை வாங்க எண்ணுபவர் இன்று நல்லூரில் இருக்கலாம். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருத்தலுங் கூடும். கடலுக்கு அப்பால் இருப்பவர் நினைத்தவுடன் படலையைத் திறந்து உள்ளே வந்து பார்த்தல் இயலாது. அவருக்குக் கண்ணும் காலுமாக அமைவது, கைத்தொலைபேசியிற் பிடிக்கப்படும் சில நிமிட வீடியோப் படமேயாகும்.

அப்படத்துக்கு முதலில் வேண்டப்படுவது ஒழுங்கு. விருந்தினர் ஒருவர் வீட்டுக்குள் வரும் முறையே படத்தின் முறையுமாதல் வேண்டும். வீதி, படலை, முற்றம், விறாந்தை, மண்டபம், அறைகள், குசினி, ஈற்றிற் கிணற்றடி என வழி தொடர்ந்து சென்றால், பார்ப்பவர் மனத்தில் வீட்டின் அமைப்புத் தானாகவே பதிந்துவிடும். அறைக்கு அறை தாவும் படமோ அவரைத் திசை தடுமாறச் செய்யும்.

இரண்டாவது ஒளி. கிழக்கு நோக்கிய வாசலைக் காலையிலும், மேற்கு நோக்கியதை மாலையிலும் பிடித்தல் நன்று. அறைக்குள் நின்று யன்னலை நேரே நோக்கினால், கமரா வெளிவெளிச்சத்துக்கு இசைந்து அறையை இருளாக்கிவிடும்; யன்னல் முதுகுப்புறமோ பக்கத்திலோ இருக்க நிற்பதே முறை. இலங்கையின் மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுற்றுக்களை உடையது. ஆதலால், மின்விளக்கின் கீழ்ப் பிடிக்கும்போது கமராவின் ஒளித்திறப்பு நேரத்தைச் செக்கனின் 50இல் ஒரு பங்காகவோ 100இல் ஒரு பங்காகவோ அமைத்தால், படத்தில் விளக்கு மினுங்கும் குறை பெரும்பாலும் நீங்கும். வெற்றறையிற் பேச்சு எதிரொலிக்கும். எனவே விளக்கவுரையைத் தனியே பதிந்து சேர்த்தல் நலம்.

மூன்றாவதும் எல்லாவற்றினும் பெரியதும் உண்மை. அகல்கோண வில்லை பத்தடி அறையையும் மண்டபம் போலக் காட்டவல்லது. அதற்கு மாற்று, அறையின் நீள அகலத்தைப் படத்திலேயே எழுதிக் காட்டுவதாகும். நிலத்தைப் பரப்புக் கணக்கிற் கூறுவோர், 1 பரப்பு 10 பேர்ச் என்பதையும் உடன் கூறல் வேண்டும். பிறநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பரப்பு என்பது வெறுஞ்சொல். குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் தங்கும் நீரை நம்பியவை. கரையோரங்களில் அந்நீர் உவராதலும் உண்டு. ஆகவே கிணற்றைக் காட்டினாற் போதாது. நீர் நன்னீரா என்பதையும் சொல்லுதல் கடன். மாரியில் வெள்ளம் நிற்கும் முற்றத்தைக் கோடையிற் பிடித்துக் காட்டிவிட்டு வாளாவிருத்தல் பாதிப் பொய்.

சுவரின் வெடிப்பை மறைத்த படம் முன்பணத்தைப் பெற்றுத்தரலாம். ஆயின், வாங்குபவர் வந்து பார்க்கும் நாளில் ஒரு வெடிப்பே மற்றெல்லாவற்றையும் ஐயுறச் செய்துவிடும். வெடிப்பையும் காட்டி, அதற்கேற்ற விலையையும் சொன்ன படத்துக்கு அந்த அச்சம் இல்லை.

எத்துணைச் சிறந்த படமும் உறுதியாகாது என்பதை வாங்குபவரும் மறத்தலாகாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் உறுதியாக எழுதப்படல் வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட காணியாயின், பங்காளருக்குள்ள முன்வாங்கும் உரிமையையும் ஆராய்தல் அவசியம். படம் வாங்குபவரைப் படலை வரையில் அழைத்து வரும். அதற்கப்பால் அவரை உள்ளே இருத்துவது விற்பவரின் நேர்மையே.