தகப்பன்மாரின் மனநோவும் அதற்குரிய உதவியும்



செம்பனை முள் காலில் ஏறி முறிந்துகொண்டால், அன்று மாலைக்குள் கிளினிக்கிற்குப் போய்விடுகிறோம். காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால், டெங்கியாக இருக்குமோ என்று இரத்தம் சோதிக்கச் சொல்கிறோம். இதில் யாருக்கும் வெட்கம் இல்லை. ஆனால், வீட்டுத் தலைவர் ஒரு மாத காலமாகச் சரியாக உறங்குவதில்லை, உண்பதில்லை, யாரோடும் பேசுவதில்லை. அதற்கு நாம் எங்கே போகிறோம்? "அவருக்கு ஏதோ யோசனை, தானாகச் சரியாகிவிடும்" என்று சொல்லி இருந்துவிடுகிறோம்.

தானாகச் சரியாகாத யோசனையும் உண்டு. அது நோய். அதற்கு மருந்து உண்டு, மருத்துவர் உண்டு, பொறுமையோடு காது கொடுத்துக் கேட்போரும் உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் அதற்காகும் கட்டணம் ஒரு கோப்பைத் தேநீரின் விலையைக்கூட எட்டாது. இந்தச் செய்தி நம் லயங்களிலே இருக்கின்ற தகப்பன்மார்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் நோக்கம். சில தொலைபேசி எண்களையும் சொல்லவிருக்கிறோம். ஆகையால், தாளும் பென்சிலும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மனநோவு தாய்மார்களுக்கும் வருவதுதானே, தகப்பன்மார்களை மட்டும் ஏன் பிரித்துப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தாய்மார்கள் தங்கள் துன்பத்தைக் கோயில் வாசலிலோ, பக்கத்து வீட்டு அக்காளிடமோ சொல்லி அழுதுவிடுகிறார்கள். ஆனால், "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்று சிறு வயதிலேயே ஆண் குழந்தையின் வாயை நாம் அடைத்துவிடுகிறோம். அந்தக் குழந்தைதான் வளர்ந்து தகப்பன் ஆகிறான். அடைத்த வாய் அடைத்தபடியே இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும் ஆண்களின் விகிதம் பெண்களின் விகிதத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். சொல்லாமல் சுமப்பதன் விலை இது.

நம் நாட்டு நிலவரத்தையும் பாருங்கள். 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், பெரியவர்களில் 100-க்கு 2.3 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் அது 4.6 ஆகிவிட்டது. ஏறக்குறைய 10 இலட்சம் பேர். ஆகவே, இந்த நோய் வந்தவர் தனி ஆள் அல்லர்.

தோட்டத்துத் தகப்பனுக்கு இதற்கான காரணங்களும் குறைவில்லை. மழை பிடித்துக்கொண்டால் வேலை குறைகிறது, சம்பளம் குறைகிறது. பல ஆண்டுகள் நீண்ட கழியைத் தூக்கிக் குலை வெட்டிய முதுகு, 50 வயதுக்குள் வளைந்துவிடுகிறது. குடியிருக்கும் வீடோ தோட்டத்துடையது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்ற அச்சம் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கிறது. உழைத்துப் போடுவதுதான் தன் மதிப்பு என்று எண்ணிப் பழகிய மனிதர், உழைக்க முடியாதபோது, "நான் இருந்து என்ன பயன்?" என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறார்.

இந்த நோயின் அடையாளங்கள் எவை? எப்போதும் மனம் சோர்ந்திருப்பது. முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் இல்லாமல் போவது. இவ்விரண்டில் ஒன்று, இரண்டு வாரத்திற்கு மேல் நாள்தோறும் இருந்தால் கவனிக்க வேண்டும். அதோடு தூக்கம் கெடும், பசி குறையும், உடம்பு அசந்துபோகும், வேலையில் கவனம் நிற்காது, தம்மையே குறை சொல்லிக்கொள்வார்.

ஆண்களிடம் இது வேறு வேடத்திலும் வருவதுண்டு. காரணமில்லாக் கோபம், தீராத தலைவலி, நெஞ்சு இறுக்கம், அளவு மீறிய குடி. சம்சு குடித்தால் தூக்கம் வருகிறது என்பார்கள். வருவது உண்மைதான், ஆனால் நடுச்சாமத்தில் விழிப்பும் வந்துவிடும். குடி மனச்சோர்வை ஆற்றுவதில்லை, அதைக் கூட்டுகிறது.

பள்ளிக்கூடத்தில் இருக்கும் எங்களுக்கு இதில் ஓர் அனுபவம் உண்டு. வீட்டுத் துன்பம் பல வேளைகளில் முதலில் வகுப்பறைக்குத்தான் வந்து சேருகிறது. துறுதுறுவென்றிருந்த பிள்ளை, பாட நேரத்தில் மேசைமேல் தலை சாய்த்து உறங்குகிறது. பாடப் புத்தகம் கொண்டுவர மறக்கிறது. மெல்ல விசாரித்தால், "அப்பா ராத்திரியெல்லாம் தூங்கல, சார்" என்று சொல்கிறது. தகப்பன் யாரிடமும் சொல்லாததை, பிள்ளை சொல்லிவிடுகிறது.

நம்மைத் தடுப்பது பெரும்பாலும் வெட்கம்தான். யாராவது மாறுபாடாக நடந்துகொண்டால், "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்று கேலி பேசும் வழக்கம் நம்மிடையே உண்டு. பேராக் மாநிலத்திலுள்ள அந்த மருத்துவமனை 1911-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. 'பஹாகியா' என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறியும் நம் கேலி மாறவில்லை. மனச்சோர்வு பைத்தியம் அன்று, சோம்பலும் அன்று. மனச்சோர்வு கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் மருத்துவமனையில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. வீட்டிலிருந்தபடியே, வேலைக்குப் போனபடியே குணமடைகிறார்கள்.

செய்வினை, காற்றுக் கருப்பு என்று அஞ்சுவோரும் நம்மிடையே இருக்கிறார்கள். மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வதையும், கயிறு மந்திரித்துக் கட்டுவதையும் நாம் தடுக்கவில்லை. கட்டிய கயிறு கையில் இருக்கட்டும். அந்தக் கையைப் பிடித்துக் கிளினிக்கிற்கும் அழைத்துப் போங்கள் என்றுதான் சொல்கிறோம்.

எங்கே போவது? முதலில் போகவேண்டிய இடம், பக்கத்திலுள்ள கிளினிக் கெசிஹாத்தான். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. முகப்பில் நிற்பவரிடம் எல்லாவற்றையும் விளக்க வேண்டியதில்லை. "தாக் போலே தீடோர், ஹாத்தி சூசா", அதாவது தூக்கம் வரவில்லை, மனம் சரியில்லை என்றால் போதும். உள்ளே சில கேள்விகள் அடங்கிய தாளைத் தருவார்கள், அல்லது தாமே கேட்பார்கள். மலாய் படிக்கத் தெரியாவிட்டால், பிள்ளைகளில் பெரியவர் ஒருவரை அழைத்துச் செல்லலாம். மருத்துவர் பார்த்து, தேவையென்றால் அரசாங்க மருத்துவமனையிலுள்ள மனநல நிபுணரிடம் கடிதம் கொடுத்து அனுப்புவார். அங்கே நிபுணரைக் காண்பதற்குக் கட்டணம் 5 வெள்ளி.

சுகாதார அமைச்சு நடத்தும் 'மெந்தாரி' எனும் சமூக மனநல நிலையங்களும் பல ஊர்களில் இருக்கின்றன. ஆலோசனை, தொடர் சிகிச்சை ஆகியவற்றோடு, நோயிலிருந்து மீண்டவர் மறுபடி வேலை தேடிக்கொள்ளவும் அங்கே துணை செய்கிறார்கள். உங்கள் ஊருக்கு அருகே எங்கே இருக்கிறது என்பதைக் கிளினிக்கிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

"கிளினிக்கிற்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகுமே" என்ற கவலையும் உண்டு. மேற்கு மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு தொழிலாளரின் உரிமை. 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டில் 14 நாள். 2 முதல் 5 ஆண்டுக்குள் இருந்தால் 18 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். உடம்பு நோய்க்கு ஒரு சட்டம், மன நோய்க்கு ஒரு சட்டம் என்று இல்லை. மருத்துவச் சான்றிதழ் வேண்டும். 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். தோட்டம் அமர்த்தியுள்ள மருத்துவர் யார் என்பதைக் கிராணியிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். மனச்சோர்வுக்கான மாத்திரை, தலைவலி மாத்திரைபோல் உடனே கேட்காது. பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகலாம். "பத்து நாள் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்திவிடக் கூடாது. குணமான பிறகும் மருத்துவர் சொல்லும் வரை, பெரும்பாலும் ஆறு மாதமாவது, தொடர வேண்டும். இந்த மாத்திரை கள், சாராயம்போல் ஆளை அடிமையாக்குவதில்லை. ஆனால், திடீரென்று விட்டுவிட்டால் உடம்பு தொல்லைப்படும்.

இனி, தொலைபேசி எண்களை எழுதிக்கொள்ளுங்கள். சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய 'ஹீல்' தொலைபேசிச் சேவை: 15555. ஒன்று, ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து. கோலாலம்பூர் 'பிஃப்ரெண்டர்ஸ்' அமைப்பு, 1970 முதல் இத்தொண்டைச் செய்துவருகிறது. அதன் எண் 03-7627 2929. இரவு, பகல் 24 மணி நேரமும் அழைக்கலாம். பேசுபவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள். கட்டணம் கேட்கமாட்டார்கள், சொன்னதை வெளியே விடமாட்டார்கள். தமிழில் பேச விரும்பினால், "ஆடா யாங் போலே சாக்காப் தமிழ்?" என்று கேளுங்கள். தமிழ் அறிந்தவர் அப்போது இல்லையென்றால், எப்போது இருப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மனநோவு கண்ட தகப்பன் கை நீட்டுகிறார் என்றால், அதை நோய் என்று சொல்லிப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நோய் அடிப்பதற்கான அனுமதிச் சீட்டு ஆகாது. அந்த நிலையில் தாய்மார்களும் பிள்ளைகளும் 15999 எனும் 'தாலியான் காசே' எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

கடன் தொல்லையே மனநோவுக்குக் காரணம் என்றால், ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்தை நாடுங்கள். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது அது. வங்கிக் கடனை எப்படி ஒழுங்குபடுத்திக் கட்டுவது என்று கட்டணமின்றி வழி சொல்வார்கள். வட்டி முதலைகள் மிரட்டினால் போலீசிடம் போகத் தயங்க வேண்டாம்.

அடுத்துச் சொல்வது மிக முக்கியமானது. "நான் இல்லாவிட்டால் நீங்களாவது நன்றாக இருப்பீர்கள்" என்று ஒருவர் சொல்கிறாரா? தம் பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கிறாரா? எல்லாரிடமும் விடைபெறுவதுபோல் பேசுகிறாரா? அதை வாய்ப்பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். நேராகவே கேளுங்கள்: "என்னங்க, உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறீங்களா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. இருக்கும் பாரம் இறங்குவதற்கே அது வழி.

அவர் 'ஆம்' என்றால், தனியாக விடாதீர்கள். களைக்கொல்லி, பூச்சி மருந்து எதுவும் வீட்டிலும் வீட்டோரத்திலும் இருக்கக் கூடாது. தோட்டத்து ஸ்டோரிலே பூட்டிக் கிடக்கட்டும். வீட்டிலுள்ள மாத்திரைகளை வேறொருவர் வைத்துக்கொள்ளட்டும். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அல்லது 999-ஐ அழையுங்கள். போலீஸ் வழக்காகிவிடும் என்ற பயம் முன்பு இருந்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்று அவர் குற்றவாளி அல்லர். உதவி தேவைப்படும் நோயாளி. ஆகவே, எதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, எப்படிப் பேச்செடுப்பது? "உங்களுக்கு என்ன குறை? எல்லாரும் கஷ்டப்படலையா?" என்று தொடங்கினால், அவர் வாய் திறக்கமாட்டார். மனைவி, "என்னங்க, கொஞ்ச நாளா நீங்க நீங்களாவே இல்ல. வாங்க, நானும் கூட வரேன்" என்று சொல்லலாம். கூட வேலை செய்பவர், "அண்ணே, நாளைக்கு என் மோட்டார் சைக்கிள்லயே போயிட்டு வந்துடலாம்" என்று சொல்லலாம். அறிவுரை வேண்டாம், துணை போதும். கோயில் கமிட்டியினரும் இளைஞர்களும், கிளினிக்கிற்குப் போகும் வழிச்செலவுக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைக்கலாம். திருவிழாவுக்குப் பணம் சேர்க்கத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமன்று.

தகப்பன்மார்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. பாரத்தைச் சுமப்பதில் நீங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால், இரண்டு ஆள் தூக்கவேண்டிய பாரத்திற்கு இன்னொரு கையைக் கூப்பிடுவதில் என்ன இழுக்கு? வேலைக்காட்டில் அதைத் தினமும் செய்கிறீர்கள். உங்கள் பிள்ளைகள் உங்கள் சம்பளத்தை மட்டும் எதிர்பார்த்து நிற்கவில்லை. உங்களை எதிர்பார்த்து நிற்கிறார்கள். நாளை காலை அந்த 1 வெள்ளியை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.

எழுதிய எண்களை வீட்டு நாட்காட்டியின் பின்புறம் ஒட்டி வையுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் ஒரு பிரதி எழுதிக் கொடுங்கள்.