தாதிக் கல்வியும் வாசிப்புப் பயிற்சியும்

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்க மேடை என்றால் சம்பளம், வீடு, விடுமுறை என்று பேச்சு இருக்கும் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் பரீட்சை. தாதியாக வேண்டுமென்று ஆசைப்படும் நம் பிள்ளைகள் வாசிப்புத் தேர்வுக்கு எப்படித் தயாராக வேண்டும் என்பதே அது. இதைச் சங்கம் பேசுவதற்குக் காரணம் உண்டு. தோட்டத்து வேலை போனால் தோட்டத்து வீடும் போகும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். பால்மரம் சீவுகிறவருக்கும் அதுதான் கதி. கொழுந்து எடுக்கிறவருக்கும் அதுதான் கதி. வீட்டில் ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் தாதியாகிவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு லயத்துக்கு வெளியே கால் ஊன்ற ஓரிடம் கிடைக்கிறது. ஆகவே இதுவும் சங்க விஷயந்தான்.

ஆசைக்கு நம்மிடம் குறைவில்லை. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நம் பெண்பிள்ளைகளில், அங்கே வெள்ளை உடுப்பில் நிற்கும் மிஸ்ஸியைப் பார்த்து, "நானும் இப்படி ஆவேன்" என்று சொல்லாதவர்கள் குறைவு. ஆண்பிள்ளைகளும் இந்தப் படிப்புக்குப் போகலாம். ஆனால் ஆசைப்படுகிறவர்களில் சிலர்தான் போய்ச் சேருகிறார்கள். மற்றவர்கள் எங்கே நின்றுவிடுகிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் கேள்வித்தாளை வாசித்துப் புரிந்துகொள்ளும் இடத்தில்தான்.

வாசல் எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நம் நாட்டில் தாதியர் டிப்ளோமாவுக்கு எஸ்.பி.எம். முடிவே முதல் வாசல். மலாய் மொழி, கணிதம், ஓர் அறிவியல் பாடம் ஆகியவற்றில் கிரெடிட் கேட்கிறார்கள்; ஆங்கிலத்தையும் பார்க்கிறார்கள். விதிகள் அவ்வப்போது மாறுவதுண்டு. அதனால் அண்டை வீட்டார் சொன்னதை வைத்து முடிவு செய்யாமல், அந்தந்த ஆண்டு அறிவிப்பை எடுத்துப் படிக்க வேண்டும். பட்டப்படிப்பாகத் தாதியியல் பயில விரும்புவோருக்கு மூயெட் என்னும் ஆங்கிலத் தேர்வு இருக்கிறது. அதன் வாசிப்புத் தாளில் 75 நிமிடத்தில் 40 கேள்விகள். அமெரிக்காவில் பல தாதியர் கல்லூரிகள் டீஸ் என்றொரு நுழைவுத் தேர்வு வைக்கின்றன. அதில் வாசிப்புப் பகுதிக்கு மட்டும் 55 நிமிடம், 45 கேள்விகள். பயிற்சி முடித்தபின் பிரிட்டனுக்கு வேலைக்குப் போக நினைப்பவர்கள் பலரும் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் வாசிப்புக்கு 60 நிமிடம், 40 கேள்விகள். தேசம் மாறலாம், தாள் மாறலாம்; ஒரு பக்கத்தைப் படித்துச் சொன்னதைச் சொன்னபடி புரிந்துகொள்கிறாயா என்ற கேள்வி எங்கும் மாறவில்லை.

நம் பிள்ளைக்கு இது ஏன் கடினமாக இருக்கிறது? பிள்ளையிடம் மூளை குறைவு என்று எவராவது சொன்னால் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. பள்ளி வந்தது. ஆனால் அந்தப் பள்ளிக்கு அப்பால் போகும் பாதை நெடுங்காலம் நமக்குத் திறக்கவில்லை. இடைநிலைப் பள்ளிகள் பட்டணத்தில் இருந்தன; அங்கே படிப்பு ஆங்கிலத்தில் நடந்தது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் வகுப்பு வகுப்பாக மலாய்க்கு மாறின. இன்றைக்கும் ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை, ஏழாம் ஆண்டில் எல்லாப் பாடத்தையும் வேறு மொழியில் சந்திக்கிறது. வீட்டிலோ அந்த மொழியில் ஒரு பத்திரிகை கிடையாது. வாசித்துப் பழகாத மொழியில் வாசிப்புத் தேர்வு எழுதினால் தடுமாற்றம் இருக்கத்தான் செய்யும். பழகினால் தீரும் குறை அது.

தாளை வாசிக்கத் தெரியாததால் நம் இனம் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமா? 1957 இல் நாடு விடுதலை பெற்றபின் குடியுரிமை மனுவை விளங்கிக்கொண்டு உரிய காலத்தில் போடாமல் விட்ட குடும்பங்கள் ஏராளம். 1969 இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் வேண்டும் என்ற நிலை வந்தது. பால்மரத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் மூட்டை முடிச்சோடு கப்பலேறினார்கள். சட்டத்தின் கொடுமை ஒரு பங்கு. மனுவை விளக்கிச் சொல்ல ஆளில்லாத கொடுமை இன்னொரு பங்கு. கைநாட்டு வைத்த காலம் போய்விட்டது. விளங்காமல் கையெழுத்துப் போடும் காலமும் போக வேண்டும்.

இனி மாணவர்களுக்குச் சில வார்த்தை. வாசிப்புத் தேர்வின் தலையாய விதி ஒன்றுதான்: விடையைத் தாளில் தேடு, உன் தலைக்குள் தேடாதே. இதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். பெரட்டுக் களத்தில் இப்படியோர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"8 ஆம் நம்பர் மலையில் திங்கட்கிழமை மருந்து அடிக்கப்படும். அடித்த நாளிலிருந்து ஏழு நாள் முடியும்வரை அங்கே கொழுந்து எடுக்கக்கூடாது. மழையால் மருந்தடிப்பு தள்ளிப்போனால், உண்மையில் அடித்த நாளிலிருந்தே கணக்கு."

முதல் கேள்வி: மழை பெய்து புதன்கிழமை மருந்து அடித்தார்கள், அடுத்த திங்களன்று அங்கே கொழுந்து எடுக்கலாமா? அவசரக்காரர் முதல் வரியை மட்டும் பார்த்து, "திங்களுக்குத் திங்கள் ஏழு நாள், எடுக்கலாம்" என்பார். கடைசி வரிவரை படித்தவர், "புதனிலிருந்து எண்ணினால் ஏழு நாள் முடியவில்லை, எடுக்கக்கூடாது" என்பார். இரண்டாவது கேள்வி: இந்த மருந்து குழந்தைகளுக்குக் கெடுதி என்று அறிவிப்பு சொல்கிறதா? நம்மில் பலர் "ஆமாம்" என்போம். ஏனென்றால் மருந்து கெடுதி என்பது நமக்குத் தெரியும். ஆனால் அறிவிப்பில் குழந்தையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சரியான விடை, "சொல்லவில்லை" என்பதே. தாள் சொல்வது, தாள் மறுப்பது, தாள் சொல்லாதது என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கப் பழகியவர் பாதிக் கிணறு தாண்டியவர். இந்த மூன்றாவது வகையில்தான் கெட்டிக்காரப் பிள்ளைகளும் வழுக்கி விழுகிறார்கள்.

அடுத்தது சின்னச் சொற்கள். மலாயில் திடாக், கெச்சுவாலி, ஹாஞா, நமுன். ஆங்கிலத்தில் நாட், எக்செப்ட், ஒன்லி. இல்லை, தவிர, மட்டும், ஆனால் என்ற பொருளுடைய இச்சொற்கள் வாக்கியத்தையே திருப்பிப் போட்டுவிடும். பென்சிலை எடுத்து இவற்றின் கீழ்க் கோடு போட்டுவிட்டுப் பிறகு விடையைத் தேடுங்கள்.

இது பரீட்சைத் தந்திரம் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். தாதியின் வேலையே இதுதான். மருந்துப் பையில் செபெலும் மாக்கான் என்றிருந்தால் சாப்பாட்டுக்கு முன். செலெப்பாஸ் மாக்கான் என்றிருந்தால் சாப்பாட்டுக்குப் பின். ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். ஒன்றை மற்றொன்றாக வாசித்துவிட்டால் மருந்து ஆயிரம் மடங்கு கூடிவிடும், அல்லது குறைந்துவிடும். டாக்டர் எழுதியதில் ஐயம் வந்தால், "இப்படித்தான் எழுதியிருப்பார்" என்று ஊகித்து மருந்து கொடுக்கிறவர் தாதியாக இருக்கத் தகுதியற்றவர். திரும்பக் கேட்கிறவரே தகுதியுள்ளவர். வாசிப்புத் தாளில் ஊகத்தை அடக்கப் பழகுகிற பிள்ளை, நாளைக்கு நோயாளியின் கட்டிலருகே நிற்கவும் பழகிக்கொள்கிறது.

சொற்களை எப்படிச் சேர்ப்பது? அகராதியை முதல் பக்கத்திலிருந்து நெட்டுருப் போட வேண்டாம். வேரைப் பிடித்தால் கிளை தானே வரும். தமிழில் நோய் என்ற சொல்லிலிருந்து நோயாளி வருகிறார். மலாயில் சாக்கிட் என்றால் நோவு; பெசாக்கிட் என்றால் நோயாளி; பெஞாக்கிட் என்றால் நோய். ராவாட் என்றால் கவனித்துப் பேணு. ராவாத்தான் என்றால் சிகிச்சை. ஜுருராவாட் என்றால் தாதி. ஆங்கில மருத்துவச் சொல்லின் முடிவில் "ஐட்டிஸ்" வந்தால், பெரும்பாலும் அந்த உறுப்பில் அழற்சி என்று பொருள். டான்சிலைட்டிஸ், அப்பெண்டிசைட்டிஸ் என்பவை அப்படி வந்தவையே. நாளைக்கு ஒரு வேர், அதற்கு மூன்று கிளை. ஆறு மாதத்தில் எவ்வளவு சேரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பயிற்சிக்கு அன்றாடம் அரைமணி நேரம் போதும்; ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது. மரத்தை முறை தவறாமல் பக்குவமாகச் சீவினால்தான் பால் ஒழுங்காக இறங்கும் என்பது பால்மரத் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் இரண்டு மாதம் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஒரு பத்தியைப் படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், அது எதைப் பற்றியது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லலாம். எஸ்.பி.எம். மலாய்த் தாளில் வரும் ருமூசான் என்னும் சுருக்கம் எழுதும் பயிற்சிக்கு இதுவே அடிப்படை. மூன்றாம் மாதத்திலிருந்து கடிகாரத்தை முன்னே வையுங்கள். மூயெட் கணக்குப்படி ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடங்கூடக் கிடையாது. பத்தியைப் படிக்கும் நேரமும் அதற்குள் அடக்கம். ஒரு கேள்வியில் சிக்கிக்கொண்டால் அடையாளம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். கடைசியில் நேரமிருந்தால் திரும்பி வரலாம்.

இன்னொன்று. ஆபீசில் நாம் செக்ரோல் எழுதுகிறோமே, அதுபோலப் பிள்ளையும் ஒரு பிழைக் கணக்கு வைக்க வேண்டும். நான்கு பத்தி போதும்: சொல் தெரியாமல் தவறியது, அவசரத்தால் தவறியது, சின்னச் சொல்லைக் கவனியாமல் தவறியது, தாளில் இல்லாததைத் தலையிலிருந்து எழுதியதால் தவறியது. மாதக் கடைசியில் எந்தப் பத்தி நிறைந்திருக்கிறது என்று பார்த்தால், அடுத்த மாதம் எதில் உழைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பெற்றோர் சிலர், "மலாயும் ஆங்கிலமும் வர வேண்டுமானால் தமிழை விட்டுவிடட்டும்" என்கிறார்கள். அது தவறான யோசனை. ஒரு கட்டுரையின் கருத்தைப் பிடிக்கும் பழக்கம் ஒரு மொழியில் வந்துவிட்டால் மற்ற மொழிக்கும் கூடவே வரும். தமிழில் நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கு அந்தக் கைத்தொழில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அதை வேறு மொழியில் பயன்படுத்தப் பழகுவதுதான் பாக்கி. வாசிக்கத் தெரியாத தாயும் உதவ முடியும். "இன்றைக்கு என்ன படித்தாய், எனக்குச் சொல்லு கண்ணு" என்று கேட்டால் போதும். தாய்க்கு விளங்கும்படி சொல்ல முடிந்தால் பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று அர்த்தம்.

அப்பாமார்களுக்கும் ஒரு வார்த்தை. இரவு எட்டு மணியிலிருந்து அரைமணி நேரம் வீட்டில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் வாய்மூடி இருக்கட்டும். கல்லூரி என்று பெயர்ப்பலகை கண்ட இடத்திலெல்லாம் பணம் கட்டிவிடாதீர்கள். 2010 ஆம் ஆண்டையொட்டித் தனியார் கல்லூரிகளில் தாதியர் படிப்பு முடித்த பலர், கல்விக் கடனைத் தலையில் சுமந்துகொண்டு வேலையின்றி நின்றதை நாடே பார்த்தது. அந்தப் படிப்புக்கு மலேசியத் தாதியர் வாரியத்தின் அங்கீகாரம் உண்டா, கடன் எவ்வளவு, எத்தனை ஆண்டில் கட்ட வேண்டும், இடையில் நின்றால் என்ன ஆகும் என்று பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அதுவும் ஒரு வாசிப்புத் தேர்வுதான். அதில் தவறினால் மறுபரீட்சை கிடையாது.

கடைசியாக, சங்கக் கிளையும் கிராணிமார்களும் செய்ய வேண்டியது. 1929 இல் ரசல் துரை போ தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு இந்த மலைச்சரிவுகளில் கொழுந்துக் கூடை சுமந்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு வாசிக்க ஒரு மேசையும் விளக்கும் தேடிக்கொடுக்க நம்மால் முடியாதா? கோயில் மண்டபமோ பள்ளிக்கூடமோ, அனுமதி கேட்டு ஓர் அறையைப் பெறுவோம். ஒரு மலாய்ப் பத்திரிகை, ஓர் ஆங்கிலப் பத்திரிகை, பழைய கேள்வித்தாள்கள், சுவரில் ஒரு கடிகாரம். தொடங்க இவ்வளவே போதும். கிராணிமார்கள் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மணி நேரம் கொடுங்கள். பால்மரத் தோட்டங்களில் இதைப் படிக்கும் தோழர்களும் தங்கள் கிளையில் இதையே பேசி முடிவெடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளைகள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதுங்கள். எழுதுமுன் முதல் பக்கத்தில் உள்ள நான்கு வரி விதியைப் படித்துவிட்டு எழுதுங்கள். பயிற்சி அங்கேயே தொடங்கிவிடும்.