கட்டுமரமும் நம் எதிரே இருக்கும் மணலும்

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பால்கனியில் நின்றால் கடல் தெரியும். கீழே மணலில் ஃபைபர் படகுகள், அவற்றுக்கிடையே ஒன்றிரண்டு கட்டுமரங்கள். குழந்தைகள் கேட்கிறார்கள்: "இவ்வளவு சின்ன மரத்துல எப்படிக் கடலுக்குப் போறாங்க? தண்ணி உள்ள வராதா?"

வரும், வந்த வழியே போயும் விடும். கட்டுமரத்துக்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது. லேசான மரத்தடிகளைப் பக்கம் பக்கமாக வைத்து, இரு முனையிலும் கயிற்றால் இறுக்குகிறார்கள். ஆணி இல்லை. அலை மேலே ஏறினாலும் தடிகளின் இடுக்கு வழியாக இறங்கிவிடும். துறைமுகம் இல்லாமல் நேராக அலை உடையும் நம் சோழமண்டலக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான கலம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து தடிகள். பறவைக் கோலா பிடிக்க ஆழ்கடலுக்குப் போகும் 'கோலா மரம்' இன்னும் பெரியது. 1697-இல் வெளிவந்த தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 'கேட்டமரான்' என்ற சொல்லே நம்முடையதுதான். ஆனால் இன்று அந்தப் பெயரில் ஓடும் இரட்டை உடல் சொகுசுக் கப்பலுக்கும் இதற்கும் வடிவத்தில் உறவில்லை; அது பசிபிக் தீவுகளின் இரட்டைப் படகு வழி வந்தது. பெயர் மட்டும் இங்கிருந்து போனது!

கடற்கரையில் இந்த மரம் வளராது. அல்பீசியா, மலைவேம்பு போன்ற தடிகள் மலைப்பக்கத்திலிருந்து வர வேண்டும். எது மிதக்கும், எது சீக்கிரம் நீர் குடிக்கும் என்று மரம் பார்க்கத் தெரிந்தவர்தான் கடலுக்குப் போக முடியும். கடலுக்குள்ளும் மரம் உதவும்: கிளைகளையும் பனையோலையையும் கல் கட்டி இறக்கினால் மீன் வந்து சேரும்.

காற்றுக்கும் பெயர் உண்டு. வடக்கேயிருந்து வாடை, கிழக்கேயிருந்து கொண்டல், மேற்கேயிருந்து கச்சான். விடியலில் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், பகலில் கடல்காற்றில் திரும்புவது பழைய கணக்கு. மீன் கிடைத்த இடத்தை மறுநாள் கண்டுபிடிக்க, கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். இன்னொரு பக்கம் வேறு இரண்டு. கோடுகள் வெட்டும் இடமே மீன் இருக்கும் இடம். குமரிப் பக்கம் இதைக் 'கணியம்' என்பார்கள். மலையுச்சியும் கோபுரமும் அங்கே அடையாளம். நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் இன்று யாருக்காவது கணியமாக இருக்கலாம், யார் கண்டது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எதிரே உள்ள படகுகளையும் வலைகளையும் அப்புறப்படுத்தி நடைபாதை அமைக்கக் கோரி மாநகராட்சிக்கு மனு தரலாம் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. கரைக்கு வந்த கட்டுமரத்தை அப்படியே விட்டால் நீர் ஊறிக் கனத்துவிடும். கயிற்றை அவிழ்த்து, தடிகளைத் தனித்தனியாகக் காயவைக்க வேண்டும். அதற்கு மணல் வேண்டும். வலை உலர்த்த, கிழிசல் தைக்க, மீன் பிரிக்க, ஏலம் விட எல்லாம் அந்த மணல்தான். நமக்குக் காலி இடமாகத் தெரிவது அவர்களுடைய பட்டறை. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றையும் ஏற்றி நிறுத்த அதே மணல்தான் வேண்டும்.

நடைபாதையே கூடாது என்று நான் சொல்லவில்லை. முட்டிவலிக்காரன், எனக்கும் நடக்க இடம் வேண்டும். மனுவில் கையெழுத்துப் போடுமுன் குப்பத்துப் பஞ்சாயத்தாரிடம் ஒருமுறை பேசுவோம். எந்தப் பகுதியில் படகு ஏறுகிறது, எந்த மாதம் எந்த இடம் காலியாக இருக்கும் என்று அவர்கள் காட்டுவார்கள். வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பின்கேட் அருகே நிற்பேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கத் தயாராக வாருங்கள்; மீன் வாங்க விரும்புவோர் பையும் கொண்டு வரலாம்.